மூக்கால் மூச்செடுக்கத் தெரியாதவன்

என் கீழ்வரிசை முன்பற்கள் ஆடுகின்றன என்பதை நான் கண்ணாடியில் பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை. கற்பிட்டிக்கு வெளியே பன்னிரண்டு பாக ஆழத்தில், அதாவது எழுபதடிக்கும் கீழே, மணலில் கடலட்டை பொறுக்கிக்கொண்டிருந்தபோதுதான் தெரிந்தது. வாயில் கடித்திருந்த ரப்பர் மெல்ல ஒரு பக்கம் சரிந்தது. இறுக்கிக் கடித்தேன். பல் உள்ளே அமிழ்ந்து திரும்ப எழும்பியது. அந்த ரப்பர் வழியாகத்தான் முதுகில் கட்டிய சிலிண்டரின் காற்று வருகிறது. அதை நான் பல்லால் பிடித்துக்கொண்டிருப்பதால்தான் இருபத்திரண்டு வருடமாக என் வீட்டில் உலை வைக்கிறார்கள். அன்று ஒரு கையால் ரப்பரைப் பொத்திப் பிடித்தபடி மேலே வந்தேன். வள்ளத்தில் ஏறித் துப்பிய எச்சிலில் இரத்தம் இருந்தது.

இதையெல்லாம் எழுது என்று சொன்னவர் நிஸார் மச்சான். என் மனைவி ஃபரீனாவின் நானா, அதாவது மூத்த சகோதரர். ஒன்பது வருடத்துக்கு முன்புவரை எங்கள் வள்ளத்தில் அவர்தான் முதலில் இறங்குவார். ஒருநாள் மேலே வந்ததும் உதடு மரக்கிறது என்றார். நாங்கள் பகிடி பண்ணினோம். பிறகு விரல் நுனி மரக்கிறது என்றார். வள்ளம் கரை தட்டுவதற்குள் இடுப்புக்குக் கீழே அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆழத்தில் நெடுநேரம் காற்றை இழுத்துவிட்டு அவசரமாக மேலே வந்தால் உடம்புக்குள் சின்னச் சின்னக் காற்றுக் குமிழிகள் உண்டாகும். அவை எங்கே போய் அடைக்கின்றனவோ அங்கே வினை. மச்சானுக்கு முதுகுத்தண்டில் அடைத்தது. இப்போது சக்கரக் கதிரையில் இருந்தபடி தொலைபேசி ரீலோட் கடை நடத்துகிறார்.

ஆகவே என்னைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்ல வருபவர்கள் இதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். எனக்கு ஊசியில் பயமில்லை, இரத்தத்தில் பயமில்லை. மரத்துப்போவதில்தான் பயம். உதடு மரத்தால் அடுத்தது கால் என்று என் உடம்பு முடிவு செய்து வைத்திருக்கிறது.

புத்தளத்தில் காட்டினேன். அங்கிருந்து, பல்லைச் சுற்றியுள்ள ஈறுக்கென்றே, நாங்கள் முரசு என்போமே அதற்கென்றே படித்த ஒரு பெண் டொக்டரிடம் அனுப்பினார்கள். சிலாபத்தில் அவருக்கு ஒரு சிறிய பல் மருத்துவமனை இருந்தது. கற்பிட்டியில் பஸ் ஏறி, பாலாவியில் மாறி, சிலாபத்தில் இறங்குவதற்குள் என் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. காத்திருக்கும் இடத்தில் சுவரில் ஒரு பல்லுக்குக் கண்ணும் கையும் வரைந்து சிரிக்க வைத்திருந்தார்கள். கதவுக்குப் பின்னால் மெஷின் கிரீச்சென்று கத்தியது. அந்தப் பல் எதைக் கண்டு சிரிக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

டொக்டர் சிங்களப் பெண். தமிழைப் படித்துப் பழகியவர். ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துக் கதைப்பார். முனையில் கோடு போட்ட மெல்லிய கம்பியொன்றை முரசுக்கும் பல்லுக்கும் நடுவில் விட்டு ஆழம் பார்த்தார். மூன்று, மூன்று, ஆறு, ஏழு என்று அவர் சொல்லச் சொல்ல, பக்கத்தில் நின்ற தாதி ஸ்டெல்லா எழுதினார். நல்ல முரசு பல்லோடு ஒட்டி நிற்குமாம். எனக்கு அழுக்கும் பீடிப் புகையும் சேர்ந்து முரசைப் பல்லிலிருந்து பிரித்து, நடுவில் பை மாதிரிப் பள்ளம் விழுத்தியிருந்தன. பள்ளத்தின் அடியில் எலும்பு கரைந்துகொண்டிருந்தது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். ஆழம் பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவன், என் வாயின் ஆழத்தை இத்தனை வருடம் பார்க்கவில்லை.

முதலில் ஆழச் சுத்தம், அதற்கும் அடங்காத இடத்தில் முரசைக் கீறித் திறந்து, வேரைச் சுரண்டி, திரும்பத் தைப்பது என்றார். செய்யாவிட்டால் என்ன என்று கேட்டேன். முன்பல் நாலும் போகும் என்றார். பொய்ப்பல் கட்டலாமா, அதனால் இறுக்கிக் கடிக்கலாமா என்றேன். என்னத்தைக் கடிக்கப் போகிறீர்கள் என்று கேட்டார். நான் பாண் என்றேன், பேக்கரி ரொட்டி.

சுத்தம் செய்ய வந்த நாளில்தான் என் மானம் போனது. கீழ் முரசில் ஊசி போட்டார். வலிக்கவேயில்லை. ஒரு நிமிடத்தில் உதடு தடித்து, தொலைந்து போனது. தொட்டுப் பார்த்தேன், யாருடையதோ உதடு. அதற்குப் பிறகு நடந்தது எனக்குச் சரியாக நினைவில்லை. கழுத்தில் கட்டிய துணியோடு நான் மருத்துவமனை கேட்டுக்கு வெளியே ஓடிப்போய் நின்று, இரண்டு காலையும் மாறி மாறித் தரையில் உதைத்துக்கொண்டிருந்ததாக ஃபரீனா சொல்கிறாள். ரோட்டில் போன த்ரீவீல்காரர் ஒருவர் எனக்காக நிறுத்தினாராம்.

டொக்டர் ஏசவில்லை. என்னையும் ஃபரீனாவையும் இருத்தி வைத்து, பயத்தைத் தணிக்க நாலு வழி இருக்கிறது என்றார். முதலாவது குளிசை. ஒரு மணித்தியாலத்துக்கு முன் விழுங்கினால் மனம் கொஞ்சம் மந்தமாகும், ஆள் விழித்தே இருப்பார். இரண்டாவது வாயு. மூக்கில் ஒரு சிறிய மூடியை வைத்து, ஒட்சிசனோடு கலந்து கொடுப்பார்கள். உடம்பு லேசாகும், பயம் தூரப் போகும். நிறுத்தினால் ஐந்து பத்து நிமிடத்தில் தெளிந்து, பஸ் ஏறி வீட்டுக்கும் போகலாம். மூன்றாவது நரம்பில் ஏற்றும் மருந்து. கூப்பிட்டால் பதில் சொல்லும் அளவு அரைத் தூக்கம், பிறகு நடந்தது எதுவும் நினைவில் நிற்காது. அதற்கு வெறும் வயிறும் கூட ஒரு ஆளும் வேண்டும், மறுநாள்வரை வாகனமும் ஓட்டக்கூடாது, கடலுக்கும் போகக்கூடாது. நாலாவது பெரியாஸ்பத்திரித் தியேட்டரில் முழு மயக்கம். முரசுக்கு அது தேவைப்படுவது குறைவு.

ஒன்றை மட்டும் அவர் இரண்டு தரம் சொன்னார். முதல் மூன்றும் பயத்துக்குத்தான், வலிக்கு அல்ல. எதை எடுத்தாலும் முரசை மரக்க வைக்கும் ஊசி போட்டே ஆக வேண்டும். மரத்துப்போவது நடக்கும், ஆனால் அது எனக்குப் பெரிதாகத் தெரியாது.

நான் வாயுவைத் தெரிந்தெடுத்தேன். காற்றோடு எனக்கு இருபத்திரண்டு வருடப் பழக்கம், அதில் எனக்கு யார் பாடம் எடுப்பது என்று உள்ளுக்குள் ஒரு எடுப்பு.

ஸ்டெல்லா ஒரு தாளை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டார். தொழில் என்ன என்றதற்குக் கடற்றொழில் என்றேன். பேனா பிடித்தவர்கள் யார் கேட்டாலும் நாங்கள் சொல்லும் பதில் அது. அட்டைக்குச் சுழியோட, அதாவது மூழ்கி எடுக்க, வருடா வருடம் அனுமதிப் பத்திரம் எடுக்க வேண்டும். என்னுடையது முடிந்து மூன்று மாதம். பத்திரம் உள்ளவன்கூட சுழியோடி என்ற சொல்லை வீட்டிலேயே விட்டுவிட்டுத்தான் கந்தோருக்கு, அரசாங்க அலுவலகத்துக்கு, போவான். இழுப்பு இருக்கிறதா, நெஞ்சில் நோய் வந்ததா, கண்ணில் சத்திரசிகிச்சை செய்ததா என்று கேட்டுக்கொண்டே வந்தவர், அடுத்ததையும் அதே குரலில் கேட்டார்.

"கடைசி ரெண்டு கிழமைக்குள்ள சுழியோடினீங்களா? தண்ணிக்கடியில சிலிண்டர் போட்டு?"

"இல்ல மிஸ்."

பக்கத்தில் இருந்த ஃபரீனா தன் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள். ஸ்டெல்லா கட்டத்தில் ஒரு கோடு போட்டு, சிகிச்சை நாள்வரைக்கும் அப்படியே இருக்க வேண்டும் என்று சொன்னார். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் மாட்டிக்கொள்வேனே.

சிகிச்சைக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. அதற்குப் பிறகு பல கிழமைகள் எதையும் இறுக்கிக் கடிக்க முடியாது, ஆகவே முடிந்தவரை உழைத்து வைப்போம் என்று தினமும் இறங்கினேன். ஃபரீனா இரண்டு முறை தடுத்தாள். அது ஆழக்கடலுக்குப் போகிறவர்களுக்குக் கேட்கிற கேள்வி என்று ஒரு பெரிய மனிதனைப் போலச் சொன்னேன். சிகிச்சைக்கு முதல் நாளும் மூன்று தரம் இறங்கினேன். மூன்றாம் தரம் ரப்பர் வழுக்கித் தண்ணீர் வாய்க்குள் வர, வரக்கூடாத வேகத்தில் மேலே வந்தேன். பின்னேரம் இடது தோள் உள்ளுக்குள் குடைந்தது. சிலிண்டர் தூக்கிய உளைச்சல் என்று தைலம் தேய்க்கச் சொன்னேன். அவள் தேய்த்துவிட்டாள்.

மறுநாள் காலையில் சிலாபத்தில் கதிரையில் சாய்த்தார்கள். விரலில் ஒரு கவ்வியை மாட்டினார்கள். உடம்பில் ஒட்சிசன் எவ்வளவு என்று அது காட்டுமாம். மூக்கில் மூடியை வைத்தார்கள். புது ரப்பர் மணத்தது. கதிரைக்குப் பக்கத்தில் மெஷினில் ஒரு பை தொங்கியது. நான் மூக்கால் இழுக்க அது சுருங்க வேண்டும், விட உப்ப வேண்டும். முதலில் வெறும் ஒட்சிசன்தான், பழகுங்கள் என்றார் டொக்டர்.

பை அசையவில்லை.

"மூக்கால," என்றார் ஸ்டெல்லா. அவர் சொல்லியும் நான் வாயால்தான் இழுத்தேன் என்று இப்போது எழுத எளிதாக இருக்கிறது. அந்த நேரம் நான் முயன்றேன். ஆனால் முகத்தில் ஒரு ரப்பர் வந்து ஒட்டினால் என் மூக்கு தானாகப் பூட்டிக்கொள்ளும். தண்ணீருக்குள் முகமூடி போட்டவன் மூக்கால் இழுத்தால் அது முகத்தை உறிஞ்சிப் பிடிக்கும். தண்ணீர் புகுந்தால் மூச்சுக்குழாய் வரை போகும். மூக்கு இல்லாதவன் மாதிரி இரு என்பதுதான் எங்களுக்கு முதல் பாடம். இருபத்திரண்டு வருடம் அப்படி இருந்தவனுக்கு, ஒரு மேசன் பூசிய சுவர் மாதிரி அது அடைத்துக் கிடந்தது.

மூக்கடைப்பா என்று டொக்டர் கேட்டார். இல்லை என்றேன். வாயை மூடச் சொல்லி, தன் விரலால் மெல்ல என் தாடையைத் தாங்கினார். வேறு வழியில்லாமல் மூக்கால் இழுத்தேன். பை சுருங்கியது. நல்லது, அப்படித்தான் என்றார். நாலைந்து மூச்சு போன பிறகு, இப்போது கொஞ்சமாக வாயு விடுகிறேன் என்றார். லேசான இனிப்பு மணம் வந்தது. ஒரு மூச்சு. இரண்டு மூச்சு. விரல் நுனியில் எறும்பு ஊர்ந்தது.

விரல் நுனி கூசுவது அந்த வாயுவுக்கு இயல்புதான் என்று பிறகு சொன்னார்கள். நான் கண்டது நிஸார் மச்சானின் விரலை. அன்று வள்ளத்தில் அவர் தன் கையை முகத்துக்கு நேரே பிடித்து, இது என்னுடைய கையா என்று பார்த்தாரே, அந்தக் கை. மூடியைப் பிடுங்கி எறிந்துவிட்டு எழும்பினேன். தோள் குடைந்தது. அப்போதுதான் அந்தத் தோளுக்கும் ஸ்டெல்லா கேட்ட சுழியோட்டக் கேள்விக்கும் ஏதோ உறவு இருக்கிறது என்று என் மரமண்டையில் உறைத்தது.

"மிஸ், நான் பொய் சொன்னேன்," என்றேன். "நான் அட்டைக்குச் சுழியோடுற ஆள். நேத்து மூணு தரம் இறங்கினேன். கடைசித் தரம் கெதியா ஏறிட்டேன். தோள் நோகுது."

டொக்டர் என்னைப் பார்க்கவில்லை, மெஷினைப் பார்த்தார். வாயுவின் திருகை அடைத்தார். ஒட்சிசனை மட்டும் முழுதாகத் திறந்து, வாயையும் மூக்கையும் சேர்த்து மூடும் வேறொரு மூடியை என் முகத்தில் வைத்து, உங்களுக்குத் தெரிந்தபடியே மூச்செடுங்கள் என்றார். பெரியாஸ்பத்திரிக்கு உடனே சொல்லச் சொன்னார் ஸ்டெல்லாவிடம். அதற்குப் பிறகு எனக்கு வந்த பயம் அதுவரை வந்த பயங்களை எல்லாம் சிறுபிள்ளையாக்கியது.

அவர் எனக்கு விளக்கியதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் இதை எழுதுவதே இதற்காகத்தான். அந்த வாயு நல்ல வாயு. சாதாரண ஆளுக்கு ஒன்றும் செய்யாது. ஆனால் உடம்புக்குள் எங்காவது காற்றுக் குமிழி இருந்தால், அது குமிழிக்குள் புகுந்து அதைப் பெருக்க வைக்கும். சுழியோடிவிட்டு வந்தவன் உடம்பில் கண்ணுக்குத் தெரியாத குமிழிகள் இருக்கும், அவனுக்கே தெரியாது. எனக்கோ தோளில் நொந்துகொண்டு இருந்தது. நான் எடுத்தது இரண்டு மூச்சு. நாலு பேர் மாதிரி மூக்கால் இழுக்கத் தெரிந்தவனாக இருந்து, பயமும் இல்லாதவனாக இருந்திருந்தால் சுகமாகச் சாய்ந்து ஒரு மணித்தியாலம் இழுத்திருப்பேன்.

அங்கிருந்து பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டொக்டரும் கூடவே வந்து, நடந்ததை அங்குள்ள வைத்தியரிடம் சிங்களத்தில் விவரித்தார். அவர்கள் அழுத்த அறை உள்ள இடத்தாரோடு தொலைபேசியில் கதைத்தார்கள். அழுத்த அறை என்பது ஆளை உள்ளே விட்டு, ஆழத்தில் இருப்பது போலக் காற்றை அமுக்கி, குமிழியைக் கரைக்கும் இரும்பு அறை. ஒட்சிசனிலேயே தோள் வலி குறைந்தால் பார்த்துக்கொண்டிருக்கலாம், கால் கை மரத்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் அனுப்புங்கள் என்று அங்கிருந்து சொன்னார்களாம்.

இரண்டு நாள் அந்தக் கட்டிலில் கிடந்தேன். மணிக்கு ஒரு தரம் ஒரு தாதி வந்து உள்ளங்காலில் ஊசி முனையால் தொட்டு, தெரிகிறதா என்று கேட்பார். தெரிகிறது என்பேன். அவர் போனதும் நானே நகத்தால் தொடையைக் கிள்ளிப் பார்ப்பேன். கிள்ளிக் கிள்ளி இரண்டு தொடையும் கன்றிப்போய், மறுநாள் அந்தத் தாதி இது என்ன புது நோய் என்று வைத்தியரைக் கூப்பிட்டுவிட்டார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்குக் கால் தூங்கினாலும் மௌத்துதான், சாவுதான்.

ஃபரீனா கதிரையில் இருந்தபடியே இருந்தாள். கஞ்சியை ஊதி ஊதித் தந்தாள். பக்கத்துக் கட்டில்காரரின் மனைவிக்கும் ஒரு கோப்பை கொடுத்தாள். என்னோடு மட்டும் கதைக்கவில்லை. இரண்டாம் நாள் காலை, தோள் வலி முக்கால்வாசி போய்விட்டது என்று நான் சொன்ன பிறகுதான் வாய் திறந்தாள்.

"நீங்க இல்லண்டு சொல்லேக்க நானும் பக்கத்துலதான் இருந்தேன். எனக்கு நானாவைத் தெரியும். தெரிஞ்சும் வாய மூடிட்டு இருந்தேன். உங்களுக்கு ஒண்டு நடந்திருந்தா அல்லாஹ்ட்ட நான் என்னத்தச் சொல்லுவேன்?"

சொல்லிவிட்டு அழுதாள். நானும் அழுதேன். ஒட்சிசன் மூடிக்குள் அழுவது மிகவும் சிரமமான காரியம்.

அன்று பின்னேரம் நிஸார் மச்சான் வந்தார். கற்பிட்டியிலிருந்து சிலாபம்வரை த்ரீவீலில் கட்டி ஏற்றி வந்திருக்கிறார்கள். சக்கரக் கதிரையைக் கட்டிலோடு ஒட்டி நிறுத்தி, என் கால் பெருவிரலைப் பிடித்துத் திருகினார். நான் கத்தினேன். திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, கொண்டுவந்த தோடம்பழத்தை உரிக்கத் தொடங்கினார்.

சுகமானாலும் பல் மிச்சம் இருந்தது. ஒரு மாதமாவது தண்ணீருக்குள் இறங்கக்கூடாது, அதற்குப் பிறகும் சோதித்து அனுமதித்தால்தான் என்று ஆஸ்பத்திரியில் கட்டளை. பல் டொக்டர், நாற்பது நாள் போகட்டும், பிறகு நரம்பு மருந்தில் செய்வோம் என்றார். எனக்கு அந்தக் கதையே வேண்டாம் என்றிருந்தது. நினைவு தப்பிக் கிடக்கும்போது கால் மரத்தால் யார் பார்ப்பது? விழித்திருந்தாலாவது ஓடலாம். பல் போனால் போகட்டும், வள்ளத்தில் ஏறிக் கயிறு பிடிக்கிறேன் என்று மச்சானின் கடை வாசலில் நின்று சொன்னேன். ரீலோட் போட வந்த ஆள் போகும்வரை அவர் பொறுத்திருந்தார்.

"நீ கீழ போகேக்க மேல வள்ளத்துல ஒருத்தன் நிக்கிறான். உன்ட குமிழியப் பார்த்துட்டே வள்ளத்த நகத்திட்டு வாறான். அவன நீ கண்டியா? இல்ல. நம்பித்தானே இறங்குற," என்றார். "நான் அண்டைக்கு விடிய வேற வள்ளத்துல இறங்கினதையும் சேத்து மூணு தரம், அத மேல நிண்டவனுக்குச் சொல்லல்ல. ரெண்டு தரம் எண்டேன். அவன் அதுக்குத் தக்க மாதிரி என்ன ஏத்தினான். மேல நிக்கிறவனுக்குப் பொய் சொன்னா அவன் என்ன செய்வான் மச்சான்?"

ஒன்பது வருடத்தில் இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. பிறகு, சொல்லிவிட்டோமே என்பது போலக் கடைக்குள் எதையோ தேடினார்.

நாற்பது நாள் கழித்து வெறும் வயிற்றோடு சிலாபத்துக்குப் போனோம். மச்சானும் வந்தார். ஸ்டெல்லா அதே தாளை எடுத்தார். தொழில் என்றதும் சுழியோடி என்றேன். சொன்னதும் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் பிடிக்க வரவில்லை. இடையில் கந்தோருக்குப் போய்ப் பத்திரத்துக்கும் எழுதிக் கொடுத்திருந்தேன். கடைசியாக எப்போது இறங்கினீர்கள் என்று கேட்டார். அன்றைக்குப் பிறகு இல்லை என்றேன். அவர் பேனாவை எடுக்கவில்லை. என்னைப் பார்த்தார், டொக்டரைப் பார்த்தார். அவரைக் குற்றம் சொல்ல ஏலாது. ஒருமுறை பொய் சொன்னவனின் உண்மைக்கு என்ன மதிப்பு?

ஃபரீனா தன் கைப்பையைத் திறந்தாள். லேஞ்சியில், கைக்குட்டையில், சுற்றிய ஒன்றை எடுத்து மேசையில் வைத்து அவிழ்த்தாள். என்னுடைய வாய் ரப்பர். இரண்டு பக்கமும் என் பல் தடம் பதிந்து, ஒரு ஓரம் தேய்ந்து போயிருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்றே அதைக் கழற்றி எடுத்திருக்கிறாள். சிலிண்டர்கள் அறையில் இருப்பதைத் தினமும் பார்த்த நான், இதைக் கவனிக்கவேயில்லை.

"நாப்பது நாளா இது என்ட பேக்லதான் இருக்கு மிஸ்," என்றாள். "படுக்கேக்கையும் பக்கத்துலதான் வெச்சுப் படுக்குறேன்."

டொக்டர் அதைக் கையில் எடுத்து, முன்பற்கள் கடிக்கும் இடத்தைப் பார்த்தார். இதுதானா அந்தப் பாண் என்று கேட்டார். ஸ்டெல்லா கட்டத்தில் கோடு போட்டார்.

புறங்கையில் ஊசி ஏறியது. விரலில் கவ்வி, மேல்கையில் பிரஷர் பட்டி. நான் நடுங்கினேன் என்பதை மறைக்கப் போவதில்லை. பிரஷர் பட்டி நடுங்கி நடுங்கித் தவறாகக் காட்டியது. டொக்டர் மருந்தை மெல்ல மெல்ல ஏற்றினார். என் கண்ணைப் பார்த்துப் பார்த்து, போதுமா என்று கேட்டுக் கேட்டு ஏற்றினார். ஸ்டெல்லாவுக்கு வேறு வேலை இல்லை. என் மூச்சைப் பார்ப்பதுதான் வேலை. உதடு மரக்கப் போகிறது, அது நான் செய்வது, வேறொன்றுமில்லை என்று டொக்டர் சொன்னது கேட்டது. பயம் போகவில்லை. பக்கத்து வீட்டில் யாரோ பயப்படுவது மாதிரி இருந்தது.

அடுத்து நான் அறிந்தது ஃபரீனாவின் முகம். வாயில் பஞ்சு. காலை அசைத்தேன், அசைந்தது. இன்னும் தொடங்கவில்லையா என்று கேட்டேனாம். ஒன்றரை மணித்தியாலம் போயிருந்தது. முரசைத் திறந்து, சுரண்டி, தைத்தும் ஆயிற்று. நடுவில் நான் ஏதாவது உளறினேனா என்று ஸ்டெல்லாவிடம் கேட்டேன்.

"ரெண்டு தரம் கேட்டீங்க, மேல வள்ளம் நிக்குதா எண்டு," என்றார். "நான் நிக்குது எண்டு சொன்னேன்."

பில்லை ஃபரீனா கட்டினாள். அதை இன்றுவரை எனக்குக் காட்டவில்லை. ஒரு கிழமை ஐஸ், கஞ்சி, உப்புத் தண்ணீர், முகம் ஒரு பக்கம் வீக்கம். தையல் பிரித்த பிறகும் மாதக்கணக்கில் போய்ப் போய்க் காட்டினேன். பீடியை விட்டது எல்லாவற்றையும் விடக் கஷ்டம். கடைசியாக டொக்டர் முன்பற்களை ஒவ்வொன்றாக விரலால் தள்ளிப் பார்த்தார். கொஞ்சம் அசையும், ஆனால் நிற்கும் என்றார். தோளைப் படம் பிடித்துப் பார்த்த ஆஸ்பத்திரியிலும், நாளுக்கு ஒரு தரம், ஆழம் குறைவாக, நடுவில் தங்கித் தங்கி ஏறினால் இறங்கலாம் என்று எழுதித் தந்தார்கள். பத்திரமும் வந்தது.

அன்று வீட்டுக்கு வந்ததும் ஃபரீனா கைப்பையிலிருந்து ரப்பரை எடுத்துக் குழாயில் கழுவினாள். கடியுங்கள் என்றாள். கடித்தேன். மறுமுனையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். பல் நின்றது. இன்னும் இழுத்தாள். என் தலையே அவளோடு போனது, ரப்பர் போகவில்லை. கையை விட்டாள். பிறகு அதை என் வாயிலிருந்து வாங்கித் திரும்பக் கழுவி, லேஞ்சியில் சுற்றிப் பைக்குள் வைத்துவிட்டாள்.

இப்போது காலையில் தொழிலுக்குப் போகும்போது அவளிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போகிறேன். இறங்கும்போது ஒவ்வொரு நாளும் பயம்தான். முன்பு இல்லாத அளவு பயம். திரும்பி வந்ததும், சோறு போடுமுன் அவள் கையை நீட்டுவாள். ரப்பரை வைப்பேன். எத்தனை தரம் இறங்கினீர்கள் என்று கேட்பாள். ஒரு தரம் என்று சொல்வேன். மேலே நிற்கிறவளுக்குப் பொய் சொல்ல எனக்குப் பயம்.